பத்துக்கு எத்தனை வலி?

அந்த வார்டில் நான் கத்தியது உண்மை. அதை மறைக்கவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பிரசவ வார்டின் நடுவில் நின்றுகொண்டு, மேல் மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். கிளிஞ்சல்மேட்டு வினோதினி என்றால் காரைக்கால் மீன் மார்க்கெட்டில் தெரியாதவர் கிடையாது. பதினாறு வருஷமாகக் கூடை வைத்து விற்கிறேன். மீனின் செவுளைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளிக்கிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படித்தான் எனக்குப் பேச வரும். ஆஸ்பத்திரிக்கென்று தனியாக ஒரு குரலை நான் வாங்கி வைத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சொன்னால் அதற்கு வேறு ஒரு சண்டை வரும்.

நடந்தது என் தம்பி பொண்டாட்டி ஓவியாவுக்கு. தம்பி சசிதரன் விசைப்படகில் போகிறவன். ஒரு தடவை போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கரை திரும்ப மாட்டான். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நம்பிப் போனான். அவன் போன எட்டாம் நாள் ஓவியாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. திங்கள்கிழமை காலையிலேயே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்கும் குறைவு. ஓவியாவின் முகத்துக்கு நேராக ஒரு நொடி காட்டிவிட்டு, எடை போதாது என்று மேல் மாடியில் இருக்கிற குழந்தைகள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஓவியாவுக்கு அம்மா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவள் நெடுங்காட்டுப் பெண், வயல்காரர் வீடு. கடற்கரைப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் அப்பா தங்கையன் இரண்டு வருஷமாக மகளோடு பேசுவதில்லை. குழந்தை பிறந்ததைப் போன் போட்டுச் சொன்னேன். “சரி” என்று ஒரே வார்த்தை, வைத்துவிட்டார். அந்த மனுஷன் மேல் எனக்கிருக்கிற கோபத்தை இன்னொரு நாளைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். எங்களுக்கும் அம்மா இல்லை. ஆக, ஓவியாவுக்குத் துணை என்று நின்றது நாத்தனாராகிய நான்தான். அவள் என்னை அண்ணி என்று கூப்பிடுவாள்.

இங்கே எங்கள் கரைப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படகு வந்து நிற்கும்போது யார் வந்து எத்தனை கிலோ என்று கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டோம். ஐஸ் பெட்டி மூட முடியாமல் மீன் கிடந்தாலும் “ஏதோ கொஞ்சம்” என்போம். இருநூறு என்றால் ஐம்பது என்போம். வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். அடுத்த தடவை வலை கிழியும், இன்ஜின் நிற்கும். கேட்கிறவனுக்கும் அது தெரியும். அவனும் தன் கணக்கை அப்படித்தான் குறைத்துச் சொல்வான். யாரும் யாரையும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் ஓவியாவுக்கு இது தெரியவில்லை. தம்பி படகு நிறைய வஞ்சரம் அள்ளிக்கொண்டு வந்த ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள் என்று, “நூத்தி எம்பது கிலோங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அடுத்த பயணத்தில் வலை பாறையில் சிக்கிப் பாதி போய்விட்டது. நான் அவளைத் தெருவில் நிற்க வைத்தே ஒரு பிடி பிடித்தேன். “இனிமே யாரு வந்து எத்தனைன்னு கேட்டாலும் நீ வாயத் தொறக்கக் கூடாது. நாங்க சொல்லிக்கிறோம். புரிஞ்சுதா?” என்றேன். கண்ணில் தண்ணீரோடு தலையை ஆட்டினாள். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

திங்கள்கிழமை சாயங்காலம் முதுகில் போட்டிருந்த மரப்பு ஊசி விட ஆரம்பித்தது. ஓவியாவின் கால் விரல்கள் அசைந்தன. கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். அந்த நேரம் பார்த்து சிஸ்டர் மணிபாரதி கையில் அட்டையோடு வந்தாள். போலகத்துப் பெண், மார்க்கெட்டில் என்னிடமே மீன் வாங்கியிருக்கிறாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“பேஷண்ட் ஓவியா. வலி பத்துக்கு எத்தனைங்க?”

எத்தனை என்று யாராவது கேட்டுவிட்டால் என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. “ரெண்டு போட்டுக்கங்க” என்றேன். பத்துக் கட்டில் போட்ட வார்டு. எல்லாக் கட்டிலிலிருந்தும் காது இந்தப் பக்கம்தான் இருந்தது. பச்சை உடம்புக்காரியைப் பற்றி ரொம்ப வலி, ரொம்பக் கஷ்டம் என்று அத்தனை பேர் நடுவில் சொல்வார்களா? மணிபாரதி எழுதிக்கொண்டாள். ஒரு மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அடுத்த கட்டில் சுஹைனாவுடையது. டவுன் பெண். அவளுக்கும் அன்றைக்குத்தான் ஆபரேஷன். மணிபாரதி அதே கேள்வியை அங்கே இருந்த அவள் அக்காவிடம் கேட்டாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் சுஹைனா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, “எட்டு, சிஸ்டர். என்னயக் கேளுங்க. மொதப் புள்ளைக்குப் பட்ட அவஸ்தை போதும். இந்தத் தடவ ஒண்ணையும் மறைக்கப் போறதில்ல” என்றாள். அடுத்த கால் மணி நேரத்தில் அவளுக்கு ட்ரிப்ஸ் ஏறியது. மயக்க மருந்து டாக்டர் முத்தமிழ், சின்ன வயதுப் பெண்மணி, ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து சுஹைனாவின் வயிற்றின் இரண்டு பக்கமும் ஏதோ ஊசி போட்டார். கூச்சமே இல்லாமல் எட்டு என்கிறாளே, என்ன பொண்ணு இவள் என்று நான் மனசுக்குள் பேசிக்கொண்டேன். அந்த எட்டுக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. அந்தக் கேள்வியை நான் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் “சாப்டாச்சா?” என்று கேட்பார்களே, அந்த மாதிரி ஒன்று என்று நினைத்தேன். மருந்தை டாக்டர் ஆளைப் பார்த்து முடிவு செய்வார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை மணிபாரதி வந்தாள். “எத்தனைங்க?” “ஒண்ணு.” மத்தியானம் வந்தாள். “ரெண்டு.” சாயங்காலம் வந்தாள். “ஒண்ணு.” ஒவ்வொரு தடவையும் ஓவியா என் முகத்தைப் பார்த்தாள்; பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் என்ன என்று கேட்கவில்லை.

இதற்கு நடுவில் மேல் மாடியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து வாசலில் நின்று கூப்பிட்டார்கள். “ஓவியா பேபியோட அம்மா வாங்க. பால் குடுக்கணும்.” லிஃப்ட் ஓடவில்லை. இருபத்திரண்டு படி. செவ்வாய்க்கிழமை காலையில் ஓவியா எழுந்தாள். நான் ஒரு பக்கம், ஆயா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். வார்டின் கதவு வரைக்கும் வந்தாள். அங்கே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு முகம் வெளுத்து, கால் மடங்கியது. திருப்பிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

“இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் தெம்பே இல்ல” என்றாள் ஆயா.

நானும் லேசுப்பட்டவளா? “கொஞ்சம் பல்லக் கடிச்சிக்கிட்டு ஏறிடு ஓவியா. கொழந்த முகத்தப் பாத்தா எல்லாம் சரியாப் போயிடும்” என்றேன். சொன்ன வாயை இப்போது என்ன செய்வது!

“ஏறிடுவேன் அண்ணி. சாயங்காலம் ஏறிடுவேன்” என்றாள். சாயங்காலம் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போடவே அரை மணி நேரம் ஆனது. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக இருந்தது. பிழிந்தால் சொட்டுச் சொட்டாக வந்தது. அதைப் பாலாடைச் சங்கில் பிடித்து நான் மேலே கொண்டுபோனேன். குழந்தையின் வாயோரம் வைத்து ஊற்றினேன். என் முழங்கை நீளம்கூட இல்லாத உடம்பு. உதட்டைக் குவித்துக்கொண்டு எதையோ தேடியது. அதை மட்டும் ஓவியாவிடம் சொல்லவில்லை. போனில் படம் பிடித்து எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவள் அந்தப் படத்தையே விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல் மாடி சிஸ்டர் என்னை நிறுத்தினாள். “கொழந்தயோட அம்மா ஏங்க வரவே இல்ல? மத்த அம்மாங்க மறுநாளே ஏறி வந்துட்டாங்க. கொழந்தயோட எடை எறங்குது. இந்தக் கொழந்தய அம்மா நெஞ்சோட சேத்து வச்சுக்கணும், வாய வச்சு உறிஞ்சணும், அப்பதான் அவங்களுக்கும் பால் ஊறும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வரலன்னா பவுடர் பால் ஆரம்பிக்கச் சொல்லி எழுதியாச்சு.” பிறகு தன் நோட்டில் எதையோ எழுதினாள். அம்மாவுக்கு விருப்பமில்லை என்று எழுதியிருந்ததாகப் பிறகு தெரிந்தது. விருப்பமில்லையாம்!

கீழே வந்து மணிபாரதியிடம் கேட்டேன். “அவளால எந்திரிக்கவே முடியல. வலிக்கு ஒரு நல்ல ஊசியாப் போடுங்களேன்.”

“அட்டைல அவங்களுக்கு மாத்திரைதாங்க இருக்கு. இருக்கறதத்தான் குடுக்க முடியும்” என்றாள். ஓடிக்கொண்டே சொன்னாள். அவள் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் மற்ற கட்டில்களைப் பார்த்தேன். மீன் வாங்க வருகிறவர்கள் எந்தக் கூடையில் எது புதுசு என்று பார்ப்பார்களே, அந்தக் கண்ணோடு பார்த்தேன். சுஹைனாவுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ட்ரிப்ஸ். காலையும் மாலையும் பின்புறம் வைக்கிற மாத்திரை ஒன்று. போதாததற்கு வயிற்றின் இரு பக்கத்திலும் அந்த ஊசி. செவ்வாய்க்கிழமை மத்தியானமே வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்துவிட்டாள். ஜன்னல் ஓரக் கட்டிலில் தையல்நாயகி. அவளுக்கு இடுப்பில் ஒரு ஊசி போட்டார்கள். அது வலியைக் கொஞ்சம் அமுக்கியது, ஆனால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கிப் போனாள். அவளுடைய மாமியார் பயந்துபோய், இனிமேல் ஊசி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஓவியாவுக்கு வேளைக்கு ஒரு மாத்திரை. காய்ச்சலுக்கு நாம் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிற அதே மாத்திரை. ஒரே டாக்டர், ஒரே கத்தி, ஒரே நீளத் தையல். ஒருத்தி நடக்கிறாள், ஒருத்தி வாந்தி எடுக்கிறாள், ஒருத்தி எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். இது என்ன நியாயம் என்று கேட்க ஆள் இல்லையா?

புதன்கிழமை காலை மணிபாரதி வந்து, கால்மாட்டில் நின்று, “எத்தனைங்க?” என்றாள். தையல்நாயகியின் மாமியார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “சைபர்” என்றேன். சொல்லிவிட்டு ஓவியாவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டப் போனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கண் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அப்போது மேல் மாடி ஆள் வந்து வாசலில் நின்று, “ஓவியா பேபியோட அம்மா கடைசியா வர்றாங்களா, இல்லையா?” என்று கேட்டாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்!

டாக்டர் முத்தமிழ் அப்போதுதான் சுஹைனாவின் கட்டிலுக்கு வந்திருந்தார். நான் வார்டின் நடுவில் போய் நின்றேன்.

“ஏம்மா, ஒரு வார்த்த கேக்குறேன், பதில் சொல்லிட்டுப் போங்க. மீன்காரி வீட்டுப் பொண்ணுன்னா வயித்தக் கிழிச்சா வலிக்காதா? அவங்களுக்குத் தோலு, எங்களுக்குத் தார்ப்பாயா? இந்தப் பொண்ணுக்கு ட்ரிப்ஸு, ஊசி, எல்லாம். எங்க பொண்ணுக்கு ரெண்டு ரூபா மாத்திர! எங்களுக்குப் பேச ஆள் இல்லன்னு நெனச்சீங்களா? பெத்த புள்ளைய மூணு நாளா கண்ணால பாக்கல அவ. மேல என்னடான்னா அம்மாவுக்கு விருப்பமில்லன்னு எழுதி வச்சிருக்காங்க. யாருக்கு விருப்பமில்ல? சொல்லுங்க, யாருக்கு?”

சுஹைனாவின் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். ஆயா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். டாக்டர் முத்தமிழ் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“கத்தாதீங்க. அவங்க அட்டையப் பாக்கலாம்” என்றார். மணிபாரதி கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் விரலை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“திங்கள் சாயங்காலம் ரெண்டு. செவ்வாய் காலைல ஒண்ணு. மத்தியானம் ரெண்டு. சாயங்காலம் ஒண்ணு. இன்னிக்குக் காலைல சைபர்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “நாலுக்குக் கீழ இருந்தா மாத்திரை. நாலுக்கு மேல ட்ரிப்ஸ். ஏழுக்கு மேல போனா என்னைக் கூப்பிடணும். இதுதாங்க இங்க முறை. சைபர்னா வலியே இல்லைன்னு அர்த்தம். வலியே இல்லைன்னு சொல்றவங்களுக்கு நான் எதுக்கு ஊசி போடுறது? இந்த நம்பரை யாரு சொன்னது?”

மணிபாரதி என்னைப் பார்த்தாள். ஆயா என்னைப் பார்த்தாள். சொன்னது நான். ஐந்து தடவையும் நான். அந்த நம்பர்தான் மருந்து என்று தெரியாமல், படகுக்கரையில் மீன் கணக்குச் சொல்கிற மாதிரி சொல்லியிருக்கிறேன். அவள் வலியை ஒளித்து வைத்தது நான்தான்.

ஆனால் அதற்காக நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. கோபம் என்னைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து சரியான இடத்தில் நின்றது.

“சொன்னது நான்தாங்க. என் மேல தப்புதான். செருப்பால அடிங்க. ஆனா வலி எனக்கா? வயித்தக் கிழிச்சது என்னையா? நான் ஒரு கூறுகெட்டவ, வாய்க்கு வந்தத சொன்னேன். நீங்க படிச்சவங்கதானே? மூணு நாள்ல ஒரு தடவயாச்சும் அவ மூஞ்சியப் பாத்து, ஒனக்கு எத்தனை வலிம்மான்னு கேட்டீங்களா? சைபர்னு நான் சொல்றப்ப அவ கண்ணுல தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சே, அது தெரியலயா ஒங்களுக்கு?”

“பக்கத்துல நிக்கிறவங்க சொல்றதத்தாங்க எல்லாக் கட்டில்லயும் எழுதிக்கிறோம்” என்றாள் மணிபாரதி. “மூணு வார்டுக்கு ரெண்டே பேருதாங்க நாங்க. ஒரு கட்டில்ல ஒரு நிமிஷத்துக்கு மேல நின்னா அடுத்த கட்டில்ல சத்தம் போடுறாங்க.”

அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்ததால் என் கோபம் குறையவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

டாக்டர் முத்தமிழ் அட்டையை மூடவில்லை. அதையே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னார். “ஆறு மாசமா எந்த முறை நல்லா வேலை செய்யுதுன்னு நாங்க ஒப்பிட்டுப் பாக்குறோம். ட்ரிப்ஸ், இடுப்பு ஊசி, பக்கவாட்டு ஊசி, மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவங்க எல்லாரும் ரெண்டு, ஒண்ணுன்னு இருக்காங்க. நிறைய பேருக்கு மாத்திரையே போதும்னு போன வாரம்தான் எழுதிக் குடுத்தேன்.”

“எத்தனை நாத்தனாருங்களும் மாமியாருங்களும் சேந்து போட்ட கணக்கோ அது!” என்றேன். “போயி கோடு போட்டு அடிச்சிட்டு வாங்க அதை.”

அவர் அட்டையை மணிபாரதியிடம் நீட்டினார். நேராக ஓவியாவின் தலைமாட்டுக்குப் போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஓவியா, நீங்க சொல்லுங்க. கொஞ்சம்கூட வலி இல்லைன்னா சைபர். இதுக்கு மேல தாங்கவே முடியாதுன்னா பத்து. ஒங்களுக்கு எத்தனை?”

ஓவியா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை. தெருவில் நிற்க வைத்து நான் திட்டிய அன்று தலையை ஆட்டினாளே, அதே முகம். யாரு எத்தனைன்னு கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. நாங்க சொல்லிக்கிறோம். மூன்று நாளாக அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி நான், பாவி! வயிறு கிழிந்து கிடக்கிற நேரத்திலும் என் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

“சொல்லித் தொலையேன்டி!” என்றேன். என் குரல் அழுகையாக வந்தது. “உள்ளத உள்ளபடி சொல்லு. மீனா இது, கண்ணு படுறதுக்கு?”

“ஒம்பது” என்றாள்.

“எப்பலேருந்து?” என்று டாக்டர் கேட்டார்.

“மொத நாள் சாயங்காலத்துலேருந்து. படுத்திருந்தா ஏழு. எந்திரிச்சா ஒம்பது. இருமுனா பத்து.”

எவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைத்திருக்கிறாள் பாருங்கள்! யாராவது கேட்பார்கள் என்று மூன்று நாளாக மனசுக்குள் எண்ணிக்கொண்டே கிடந்திருக்கிறாள். மணிபாரதி அட்டையில் எழுதினாள்.

டாக்டர் முதலில் கட்டைப் பிரித்துத் தையலைப் பார்த்தார். காயத்தில் சீழ் இல்லை, வீக்கம் இல்லை என்றார். பிறகு அந்த ஸ்கேன் மிஷின் வந்தது. வயிற்றின் இரண்டு பக்கமும் ஊசி. கையில் ட்ரிப்ஸ். பின்புறம் வைக்கிற மாத்திரை. “இந்த ஊசி மேல வெட்டுன எடத்துக்கு. உள்ள கர்ப்பப்பை சுருங்குற வலி இதுல போகாது. அதுக்குத்தான் மத்தது ரெண்டும். வலி வந்த பிறகு குடுக்கிறது இல்ல, வலிச்சாலும் வலிக்காட்டியும் நேரத்துக்கு நேரம் குடுக்கணும்” என்று மணிபாரதிக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னார். பால் கெட்டுவிடுமா என்று நான் கேட்டேன். கெடாது, வலி குறைந்தால் பால் இன்னும் நன்றாக ஊறும் என்றார். இதையெல்லாம் திங்கள்கிழமையே சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்கள்.

முக்கால் மணி நேரம் ஆனது. ஓவியாவின் நெற்றிச் சுருக்கம் முதலில் போனது. பிறகு முஷ்டி விரிந்தது. “அண்ணி, இப்ப நாலு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “மூணு” என்றாள். பிறகு அவளாகவே ஒருக்களித்து, கையை ஊன்றி, எழுந்து உட்கார்ந்தாள். சுஹைனா தன் தலையணையைக் கொண்டுவந்து கொடுத்து, “வயித்தோட அணைச்சிக்கிட்டு நடங்க. படியில ஒரு காலா வைங்க, அவசரப்படாதீங்க” என்றாள். திங்கள்கிழமை அவளை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டினேன் என்று நினைத்து எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இருபத்திரண்டு படி. ஏழாம் படியில் ஒரு தடவையும், பதினைந்தாம் படியில் ஒரு தடவையும் நின்றாள். மேல் மாடி சிஸ்டரிடம் போனதும், “விருப்பமில்லன்னு எழுதுனீங்களே, அந்த நோட்ட எடுங்க. எடுத்து இப்ப அடிங்க அதை” என்றேன். அடித்தாள். அவள் அடிக்கும் வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஓவியாவை நாற்காலியில் உட்கார வைத்து, சேலையை விலக்கி, குழந்தையை வெறும் உடம்போடு அவள் நெஞ்சில் வைத்தார்கள். அது தலையை இப்படியும் அப்படியும் உருட்டியது. பிறகு பிடித்துக்கொண்டது. ஓவியா சத்தம் போட்டு அழுதாள். வலிக்குதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். மணி பதினொன்றரை. பவுடர் பால் டப்பா மேசையில் அப்படியே இருந்தது.

கீழே வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. சசிதரன். படகு கரையை நெருங்கியிருக்கிறது, சிக்னல் கிடைத்துவிட்டது. ஊரிலிருந்து யாரோ குழந்தை பிறந்த சேதியைச் சொல்லியிருக்கிறார்கள். காற்று இரைச்சலில் அவன் ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினான். நானும் ஸ்பீக்கரில் போட்டு ஓவியாவிடம் நீட்டினேன்.

“ஓவியா! எப்டி இருக்க? வலி கிலி ஒண்ணும் இல்லல்ல?”

ஓவியா போனை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்த குரலில், “நல்லா இருக்கேங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க பதறாம வாங்க” என்றாள்.

எங்கே கற்றுக்கொண்டாள்? என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். போனை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

“டேய் சசி! பொய் சொல்றாடா! ஒண்ணுமே இல்லயாம்! ஒம்பதுடா! பத்துக்கு ஒம்பது! மூணு நாளும் ஒம்பது வலியோட கெடந்தா ஒன் பொண்டாட்டி! நான் கேக்கல, இங்க ஒருத்தரும் கேக்கல!”

“அக்கா, மெதுவா. போட்டுல எல்லாரும் கேக்குறாங்க.”

“கேக்கட்டும்டா! நல்லா கேக்கட்டும்! எல்லாரு வீட்லயும் பொண்டாட்டி இருக்கால்ல? நீ வந்து எறங்குனதும் மீன் கணக்க எப்டி வேணா சொல்லிக்க. இவ கணக்க மட்டும் இனிமே இவதான் சொல்லுவா!”

மணிபாரதி மத்தியான அட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் ஓரக் கட்டிலில் தையல்நாயகியின் மாமியார் வழக்கம் போல, “எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, ரெண்டு போட்டுக்க” என்று ஆரம்பித்தார்.

இத்தனை நாளும் வாயே திறக்காத தையல்நாயகி ஒரு கையைத் தூக்கினாள்.

“சிஸ்டர், எனக்கு ஏழு” என்றாள்.

மணிபாரதி பேனாவை எடுத்துக்கொண்டு அவளுடைய தலைமாட்டுக்குப் போனாள்.